தம்பி டீமுக்கு நான் அம்பயர்

அம்பயர் வேலைக்குக் கண் கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, காது கொஞ்சம் மந்தமாகவும் இருக்கணும். பஸ் கண்டக்டர், கிளாஸ் டீச்சர், அபார்ட்மென்ட் செயலாளர் என்று தினம் ஊர் வாயில் விழுந்து எழுந்திருக்கும் புண்ணியவான்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கோடை லீவில் காலேஜ் பசங்களின் பேஸ்பால் மேட்சுகளுக்கு அம்பயர். கிரிக்கெட் அம்பயர் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். பேஸ்பாலுக்கு ஊரையே சலித்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் போன மே மாதம் மந்தைவெளிப் பக்கத்து மைதானத்தில் அந்த அரையிறுதி என் தலையில் வந்து விழுந்தது.

முதலிலேயே சொல்லிவிட்டேன்

ஆடிய இரண்டு டீமில் ஒன்றுக்கு என் தம்பி சேவியர் கோச். ஒப்பந்த வேலை. இந்த மேட்சில் தோற்றால் டீமையே கலைத்துவிடுவோம் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். டீம் போனால் அவன் வேலையும் போச்சு. அவனுக்கோ கல்யாணம் நிச்சயமாகி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சர்ச்சில் ஓலையும் வாசித்தாயிற்று. பெண்ணின் அப்பா பால்ராஜ் சார், மாப்பிள்ளையின் டீம் ஆடுவதைப் பார்க்கவென்றே குடையும் கையுமாக வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்.

வேறு அம்பயர் இல்லை என்று போட்டி நடத்துகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். எதிர் டீம் நங்கநல்லூர்ப் பக்கம். அவர்கள் கோச் தணிகாசலத்திடம் நேராகப் போய், "சார், அது என் கூடப்பிறந்த தம்பி. நான் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பியா இருந்தா இன்னா மேடம், கண்ணு தெரியுதுல்ல? அது போதும்!"

அடி வாங்கியவனுக்குப் பரிசு

இந்தப் பசங்க எல்லாம் கிரிக்கெட் டீமில் இடம் கிடைக்காமல் இங்கே ஒதுங்கியவர்கள். உடம்பு பேஸ்பால் ஆடும், மூளை கிரிக்கெட் ஆடும். பேஸ்பாலில் பந்தை அடித்ததும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடணும். இவர்களோ கையில் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். "பேட்டைப் போட்டுட்டு ஓடுங்கடா!" என்று காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான் சேவியர்.

நங்கநல்லூர்ப் பையன் எறிந்த ஒரு பந்து சேவியர் டீம் பையனின் முழங்காலில் போய் மோதியது. பின்னால் பந்து பிடிக்கும் பையன் சட்டென்று என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, "ஹௌஸ் தட்!" என்று அலறினான். என் காது அடைத்துப்போச்சு. எறிந்த பந்து மேலே பட்டால், அடி வாங்கியவன் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய நாலு இடத்தில் முதலாவதுக்கு, போகலாம் என்பது இங்கே சட்டம். போகச் சொன்னேன். போனவன் தம்பியின் ஆள் ஆயிற்றே! எதிர் டீமில் முணுமுணுப்பு கிளம்பியது, தணிகாசலம் எழுந்தே நின்றுவிட்டார். பந்து பிடிக்கும் பையன் அழாத குறையாகக் கேட்டான்: "கால்ல பட்டுச்சுன்னு அவுட் கேட்டா, நீங்க அவனுக்குப் பரிசு குடுத்து அனுப்பறீங்களே மேடம்!"

வாக்கிங் மாமா

அந்த மைதானத்துக்குத் தடுப்பு கிடையாது. ஓரமாக வாக்கிங் போகிறவர்கள் மேட்ச் நடந்தாலும் நடப்பார்கள், பூகம்பம் வந்தாலும் நடப்பார்கள். சேவியர் டீம் பையன் ஒருவன் ஓங்கி அடித்த பந்து அங்கேதான் உருண்டது. அவன் ஒவ்வொரு பேஸாகத் தொட்டுக்கொண்டு காற்றாய்ப் பறக்கிறான். நாலாவதாக, அடித்த இடத்திலேயே இருக்கும் வீட்டுப் பேஸைத் தொட்டால் ஒரு ரன். அதற்குள் தொப்பி போட்ட ஒரு மாமா குனிந்து, பந்தை எடுத்து, பாசமாக எதிர் டீம் பையனிடம் போட்டுவிட்டார். கர்த்தாவே!

ஆட்டத்தை நிறுத்தினேன். வெளியாள் பந்தைத் தொட்டால், ஓடியவன் எதுவரை வந்திருப்பான் என்று அம்பயர்தான் சொல்லணும். என் கணக்கில் மூன்றாவது பேஸ். "அவன் வீட்டுக்கே வந்திருப்பான்க்கா!" என்று சேவியர் தலையில் கைவைத்தான். மனசுக்குள் எனக்கும் ஆசைதான். ஆனாலும் மூன்றாவதில்தான் நிறுத்தினேன். அடுத்து வந்தவன் அவுட்டாகி, அந்த ரன் வராமலே போச்சு. மாமா மட்டும் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்: "பந்து வந்தா எடுத்துப் போடறதுகூட தப்பாம்மா? சின்ன வயசுலேர்ந்து அதைத்தானே பண்ணிண்டிருக்கேன்!"

பேட் நுனி

கடைசிக் கட்டம். தம்பி டீம் ஒரே ஒரு ரன் பின்னால். இன்னும் ஒருத்தன் அவுட்டானால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கேப்டன் நவீன் அடித்த அடியில் பந்து கோடியிலிருந்த வேப்பமரம் வரை போனது. சுற்றி வந்தால் சமம். கூட்டம் எழுந்து நின்றது. பால்ராஜ் சார் குடையை மடக்கிவிட்டார். நவீன் ஓடுகிறான், கையில் பேட்! "பேட்டைப் போடுடா! போடுடா!" என்று சேவியர் கத்துகிறான். பந்தும் திரும்பி வருகிறது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல ஆசை. எல்லாம் கேட்டது.

வீட்டுப் பேஸ் நெருங்கியதும் நவீன் கிரிக்கெட்டில் கோட்டுக்குள் நீட்டுகிற மாதிரி பேட்டை நீட்டினான். பேட் நுனி பேஸைத் தொட்டது. பேஸ்பாலில் பேட் தொட்டால் செல்லாது, கையோ காலோ தொடணும். கால் வந்து சேருமுன் பந்து பிடித்தவன் அவன் தோளில் பந்தை வைத்துவிட்டான். ஓடுகிறவனை அப்படிப் பந்தால் தொட்டால் அவுட். கையை மடக்கி அவுட் கொடுத்தேன்.

கூட்டத்தில் ஒருத்தருக்கும் புரியவில்லை. "பேட்டு உள்ள பூந்துச்சு, கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று நாலைந்து பேர் என்னை நோக்கி வந்தார்கள். அதற்குள் சேவியர் ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றான். "அவுட்டுதான். அக்கா சொன்னது சரி. எல்லாரும் போங்க" என்றான். முகம் வெளுத்திருந்தது. கூட்டம் கலைந்ததும் பால்ராஜ் சார் மெல்ல நடந்து வந்தார். "ஏம்மா, சம்பந்தி வீட்டுல இப்படி ஒரு நேர்மை இருக்குன்னு ஓலை வாசிக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

ஒரே ஸ்கூட்டர்

கொடுமை என்னவென்றால், நாங்கள் இரண்டு பேரும் வந்தது என் ஸ்கூட்டரில். திரும்பவும் அதில்தான் போகணும். பின்சீட்டில் அவன், மடியில் அந்த பேட். ஒவ்வொரு வேகத்தடையிலும் அது என் முதுகில் இடித்தது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். வீட்டுத் தெரு திரும்பும்போது, "நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சாக்கா?" என்றான். நன்றாகவே கேட்டது என்றேன். மெதுவாகச் சொன்னான்: "நவீனுக்குக் கேக்கலையேக்கா."

அம்பயருக்குக் காது மந்தமாக இருக்கணும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது மைதானத்தில் கத்துகிறவர்களைச் சமாளிக்கத்தான் உதவும், பின்சீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிற தம்பியிடம் உதவாது.