கங்கு வாங்கிப் போனவள்

மூன்று கால் வைத்த இரும்புச் சட்டி அது. அதன் தட்டையான மூடியின் விளிம்பு ஒரு விரல் உயரத்துக்கு மேலே எழும்பி நிற்கும். அந்த மூடியின் மேல் சிவந்த கங்குகளைப் பரப்பிவிட்டு, மலைப்பனிக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கும் என் மதினிதான் இன்றைக்கும் கண்ணை மூடினால் முன்னால் வருகிறார். மலைமேல் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள். நான் கம்பத்திலிருந்து குமுளிப் பாதையில் மாட்டு வண்டி ஓட்டினேன். மாவும் அரிசியும் கருவேலங்கரியும் ஏற்றிக்கொண்டு தேக்கடி முகாமுக்குப் போவேன். என் அண்ணன், மதினியின் புருஷன், அங்கே வெள்ளைக்காரத் துரைக்குச் சமையல்காரராக இருந்தார். ஒரு மழைக்காலத்தில் காட்டுக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. மதினி அனுமந்தன்பட்டிக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ அடக்கம் முடிந்ததும் சட்டியை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து, அண்ணன் இடத்தில் ரொட்டி சுட உட்கார்ந்துவிட்டார். அவரை விட்டால் ரொட்டி சுடத் தெரிந்த ஆள் அந்த மலையில் இல்லை என்பதால் துரையும் மறுப்புச் சொல்லவில்லை.

வெட்டவெளியில் கரிநெருப்பை வைத்து ரொட்டி சுடுவது லேசான காரியம் அல்ல. சட்டிக்கு அடியில் கங்கு கொஞ்சமாக இருக்க வேண்டும். மூடியின் மேல் அதைவிட நிறைய. மாறிப்போனால் ரொட்டியின் அடி கரியாகும், நடு மாவாகவே கிடக்கும். காற்று வீசும் பக்கத்துக் கங்கு சீக்கிரம் கனன்று தீர்ந்துபோகும். அதனால் மதினி சட்டியை அவ்வப்போது கொஞ்சம் திருப்புவார்; மூடியை எதிர்ப்பக்கமாகத் திருப்புவார். கையை மூடிக்கு மேல் நீட்டி, பொறுக்கமுடியாமல் எடுக்கிற நேரத்தை வைத்தே சூட்டைத் தெரிந்துகொள்வார். சூடு மிஞ்சினால் சாம்பலைத் தூவி அடக்குவார். கம்பிக் கொக்கியால் மூடியைத் தூக்கும்போது ஒரு துளிச் சாம்பல் உள்ளே விழாது. அண்ணன் போன பிறகு, வேலைக்கு நடுவே யாரோ பின்னால் நிற்பதுபோலச் சட்டென்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. அண்ணனைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலம் இன்னும் கொடுமையாக இருந்தது. சாரல் நாள்கணக்கில் விடாது. மண் சுமக்கிறவர்களின் குடிசைகளில் விறகு நனைந்து புகைந்ததே தவிர எரியவில்லை. ரொட்டி இறங்கியதும் மிச்சமிருக்கும் கங்கை வாங்கிப்போக, சாயங்காலமானால் பெண்கள் மண்சட்டியோடு வந்து நிற்பார்கள். மதினி யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கோம்பையிலிருந்து வந்த ஓர் இளம்பெண் அவர்களில் ஒருத்தி. இடுப்பில் ஒரு பெண்குழந்தை. இரண்டு பேருக்கும் இருமல். மலைக்காட்டுக் குடியான பளியர் ஒருவர் அவர்களுக்கு ஏதோ வேர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவள் புருஷன் ஒரு நாள் என் வண்டியில் ஏறிக்கொண்டான். கம்பத்தில் ஒரு கம்பளி வாங்க வேண்டுமென்றான். வாங்கியபின் அதை நனையவிடாமல், திரும்பும் வழியெல்லாம் வயிற்றோடு சேர்த்து அணைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலையில் நாங்கள் முகாமுக்குள் நுழைந்தபோது அவன் குடிசை முன்னால் கூட்டம். உள்ளே அவளும் குழந்தையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை. வெற்றிலை போட்டதுபோல உதடு மட்டும் சிவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் சனம் வெலவெலத்துப் போயிருந்தது. மூலையில் ஒரு மண்சட்டி. அதில் வெறும் சாம்பல். அவன் கம்பளியைப் பிரித்து இருவரையும் போர்த்தினான். குளிர்கிறதா என்று கேட்பதுபோலக் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தான்.

அதற்குள் நாலைந்து பேர் போய் அந்தப் பளியரை இழுத்துவந்து மரத்தில் கட்டிவிட்டார்கள். கையில் மண்வெட்டிக் காம்புகள்.

“இவன் குடுத்த வேரத்தேன் நேத்து அரைச்சுக் குடிச்சா. ஒதட்டப் பாருங்க, எப்பிடிச் செவந்து கெடக்குன்னு. எதையோ ஏவிவிட்டுட்டான்” என்று ஒருவன் கத்தினான்.

மதினி குடிசைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நேராக மரத்தடிக்குப் போய்ப் பளியருக்கு முன்னால் நின்றார்.

“அவர அவுத்து விடுங்க. வேரு கொல்லல. என் கங்குதேன் கொன்னுச்சு.”

“கங்கு கொல்லுமா? அன்னாடம் அதுலதான சோறு பொங்குறோம்?”

“வெளிய வச்சுப் பொங்குறீக. அவ உள்ள வச்சு வாசல் தட்டிய அடைச்சிருக்கா. சந்துலயெல்லாம் துணியத் திணிச்சிருக்கா. போன மழையில நானும் கூடாரத்துப் படுதாவ எறக்கி விட்டுட்டு ரொட்டி சுட்டு மயங்கி விழுந்தேன். எங்க வீட்டுக்காரவுகதேன் என்னைய வெளிய இழுத்துப் போட்டாக.”

ஒருவரும் நம்பவில்லை. மதினி என்னிடம் துரையின் கூண்டிலிருந்து ஒரு கோழியைப் பிடித்துவரச் சொன்னார். உடல்களை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். அதே குடிசையில், அதே மண்சட்டியில் நிறையக் கங்கை வைத்தார். பக்கத்தில் கோழியைக் கட்டினார். சந்துகளில் அதே துணியைத் திணித்துத் தட்டியை அடைத்தார். எல்லோரும் மழையில் நின்றோம். முதலில் கோழி கொக்கரித்தது. பிறகு சத்தமில்லை. தட்டியைத் திறந்தபோது அது தூங்குவதுபோலத் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. கொண்டை கொஞ்சமும் வாடவில்லை, அவள் உதட்டைப் போலவே செக்கச்செவேலென்று இருந்தது.

மண்வெட்டிக் காம்புகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. அவிழ்த்துவிட்டதும் பளியர் காட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு முகாம் பக்கம் வரவேயில்லை. செத்தவளின் புருஷன் மட்டும் மதினியிடம் வந்தான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அக்கா, தட்டிய அடைக்காதன்னு அவகிட்டச் சொன்னீகளா?”

மதினி குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எல்லாருகிட்டயும் சொல்லித்தேன் குடுப்பேன் தம்பி. நேத்துக் கூட்டமா நின்னாக... அவகிட்டச் சொன்னேனா... தெரியலையே.”

அன்று தொடங்கியது. அதன் பிறகு மதினி திரும்பிப் பார்ப்பது அண்ணனை அல்ல, செத்தவளை என்று எனக்குத் தெரிந்தது. ரொட்டி வேகும்போது இருமல் சத்தம் கேட்கிறது என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. கங்கு கேட்டு வந்தவர்களை விரட்டினார். குளிரில் வேறொரு குழந்தைக்குச் சன்னி கண்டபோது, விரட்டியதற்காகவும் அழுதார்.

மழை கொஞ்சம் ஓய்ந்து மறுபடி பிடித்த ஒரு சாயங்காலம் அந்தப் புருஷனே மண்சட்டியோடு வந்து நின்றான்.

“கொஞ்சம் கங்கு போடுங்கக்கா. தட்டியக் கழட்டிப் போட்டுட்டுத்தேன் வந்திருக்கேன்.” பிறகு மெதுவாகச் சொன்னான்: “நீங்க சொல்லியிருந்தாலும் அவ அடைச்சிருப்பா. பிள்ளைக்குக் குளிருதுன்னா யாரு சொல்லும் அவ காதுல ஏறாது.”

ரொட்டி இன்னும் இறங்கவில்லை; ஆனாலும் மதினி கங்கை அள்ளிப் போட்டார். போட்டதோடு நிற்கவில்லை. அடுப்பைப் போட்டது போட்டபடி அவன் பின்னாலேயே போய், கதவில்லாத அந்தக் குடிசை வாசலில் சாரலில் நனைந்துகொண்டு, கங்கு சாம்பலாகும்வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ரொட்டி கருகிப்போனது, துரை கத்தினார். மறுநாளிலிருந்து ரொட்டியை முன்னதாகவே சுட்டு இறக்கிவிட்டு, கங்கு வாங்கிப்போன குடிசை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். தட்டியைத் தன் கையாலேயே விலக்கி வைத்துவிட்டு வருவார். மழைக்காலம் முடியும்வரை அப்படித்தான்.

அணை முடிந்து, தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு எங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கியது. தரிசாகக் கிடந்த நிலத்தில் நெல் விளைந்தது. மதினி அனுமந்தன்பட்டியில் எங்களோடுதான் இருந்தார். பேச்சுக்கு நடுவில் திடீரென்று என்னைப் பார்ப்பார். “தம்பி, நான் அவகிட்டச் சொன்னேனா?” அந்தச் சாயங்காலம் நான் கம்பத்தில் இருந்தேன். இது அவருக்கும் தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை அவரால். எனக்கும் பொய் சொல்ல நா எழவில்லை.

மதினி வயதாகிப் படுக்கையில் விழுந்து, பேச்சு குறைந்துபோயிருந்த ஒரு நாள். வயல் பக்கத்திலிருந்து கொசு வந்து மொய்க்கிறதென்று என் மனைவி தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி கொண்டுவந்தாள். புகை நிற்கட்டும் என்று கதவைச் சாத்தப் போனாள். மதினி கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

“அடைக்காத ஆத்தா! உள்ள கங்கு இருக்கு. கதவ அடைக்காத!”

என் மனைவி பதறிப்போய்க் கதவு, சன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்தாள். மதினி அவளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சொல்லிட்டேன்ல தம்பி? நீயும் கேட்டீல்ல?”

“சொல்லிட்டீக மதினி” என்றேன். “நான் கேட்டேன்.”