முன்பக்கத்தில் கும்மிடிப்பூண்டி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒயினைப் பாட்டிலில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் லேபிள் வடிவமைப்பது என் வேலை. தேனிப் பக்கத்து ஒயின் டேங்கர் லாரியில் வரும். இங்கே பாட்டிலில் ஏறி வெளிமாநிலம் போகும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் கை எழுத்து ஊர் ஊராகப் போவதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

புது ஒயினுக்குப் பெயர் தேடினோம். மார்க்கெட்டிங் மேனேஜர், "ஒயின்னா ஒரு ஊர் பேரு வேணும்மா. அந்த மண்ணு வாசனை தெரியணும்" என்றார்.

"அப்போ நம்ம ஊரு பேரையே வைக்கலாம் சார்."

அறையே சிரித்தது. "கும்மிடிப்பூண்டியா? மூடியத் தொறந்தா வெல்டிங் வாசனை வரும்மா!"

நான் பிறந்த ஊர். அதைப் பாட்டிலின் முன்பக்கத்தில் ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் அதே பெயரை ஆங்கிலத்தில், சில எழுத்துகளை உருவிவிட்டு, நடுவில் இடம் விட்டு, திராட்சைக் கொடி போல வளைத்து எழுதிக் காட்டினேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "குமீதி... பொந்தி. ஆகா! இத்தாலியா?"

"நம்ம ஊருதான் சார்."

"விளையாடாதம்மா. என் பிரெண்டு அந்தப் பக்கம்தான் ஹனிமூன் போனான். கடல் இருக்குமே?"

"பழவேற்காட்டுப் பக்கம் போனா இருக்கு சார்."

பாதிதான் அவர் காதில் விழுந்தது. "மண்ணுல இரும்புச் சத்து?"

என் நைனா இரும்பு ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறார். அவர் சட்டையை உதறினால் வாசல் கருத்துப்போகும். "நிறைய சார்" என்றேன்.

'கடற்காற்றும் இரும்பும் கலந்த தொன்மையான மண்' என்று பின்பக்கத்துக்கு எழுதிக்கொண்டார். பிறகு என் ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். எனக்கு லேசில் வரவில்லை.

வீட்டில் சொன்னேன். நைனா சோற்றைப் பிசைந்தபடி, "இன்னா பாப்பா, நம்ம ஊரு பேர பாட்டில்ல ஏத்துறேன்னுட்டு, ஊரையே ஃபாரினுக்கு அனுப்பிட்டு வந்துக்கினு நிக்கிற!" என்றார்.

மறுநாள் லேபிளை மறுபடி எடுத்தேன். அடைத்த இடத்தின் முகவரி லேபிளில் இருந்தே ஆக வேண்டும். பின்பக்கத்தில் எறும்பு போலக் கிடந்த அந்த வரியில், 'கும்மிடிப்பூண்டி'யை மட்டும் தமிழில், ஓர் எழுத்தும் குறையாமல், தடிமனாகப் போட்டேன்.

மாதிரியைப் பார்த்த மேனேஜர் முகம் சுளித்தார். "இத ஏம்மா இவ்ளோ பெருசா போட்ட? முன்னாடி இருக்கிற ஊருக்கு அசிங்கமா இருக்காது?"

"அது ஒண்ணும் நெனச்சுக்காது சார். ரெண்டும் ஒண்ணா வளந்த ஊருங்க."

மாதிரியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அப்படியா? சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.