யோகனின் பிக்கப்பும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும்

காலை 6.10. அக்கராயனில் யோகனின் வீட்டு முற்றம். அவன் பிக்கப்பின் திறப்பைத் திருப்பினான். எஞ்சின் இழுத்தது, இழுத்தது, பற்றவில்லை. இரண்டாம் முறையும் அதே கதைதான். மூன்றாம் முறை ஒரு குலுக்கலோடு பற்றி, வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஓடத் தொடங்கியது. யோகன் என்னைப் பார்த்தான். நான் வேலியோரத்து முருங்கையைப் பார்த்தேன்.

ஏன் முருங்கையைப் பார்த்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யோகன் என் மனைவியின் தம்பி. அக்கராயனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நாற்பத்தொரு வீட்டுப் பாலை விடியவே எடுத்து, எட்டு மணிக்குள் கிளிநொச்சியில் குளிரூட்டும் இடத்தில் கொடுப்பது அவனுடைய தொழில். சித்திரைப் புத்தாண்டுக்கு நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது அவன் போனில் எதையோ வாசித்துப் பயந்து போயிருந்தான். இந்தப் புதிய டீசல் வண்டிகளின் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே தேய்ந்து உடையுமாம். உடைந்தால் இரும்புத் தூள் எஞ்சின் முழுவதும் பரவி, பம்ப் மட்டுமல்ல, இன்ஜெக்டர், குழாய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமாம். அப்படி நடந்தால் வண்டியை முற்றத்தில் விட்டுக் கோழி அடைக்கத்தான் சரி என்றான்.

வாகனம் என்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இதே வன்னியில் மோட்டார் சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஸ்டார்ட் எடுக்க மட்டும் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஓடியவர்கள் நாங்கள். என் பழைய டீசல் வானும் அதே மண்ணெண்ணெயைக் குடித்துத்தான் ஆறு வருடம் ஓடியது. ஆகவே, டாங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் விடு, பம்பைக் கழுவிவிடும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். அவன் நாலு மாதமாக விட்டிருக்கிறான். மூன்று வாரமாகக் காலையில் எஞ்சின் பற்ற மறுக்கிறது. அதைக் கேட்டு நான் மறுபடி வந்திருக்கிறேன். இன்றைய பாலை ஒரு கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, வவுனியாவில் பம்ப் பார்க்கும் ஒருவரிடம் போகிறோம். யோகன் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகக் குத்தியது.

6.45. முறிகண்டிப் பிள்ளையார். ஏ ஒன்பது வீதியில் போகிற எவரும் இங்கே நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுவது வழக்கம். ஒரு பைக்கற் கச்சான் நூறு ரூபாய். சோளகக் காற்றில் திருநீறு என் நெற்றியில் பாதியும் சட்டையில் பாதியுமாக விழுந்தது. எங்கள் வண்டி மாதிரியே இரண்டு பிக்கப்புகள் நின்றன. யோகன் நேரே போய் விசாரித்தான். இப்போதெல்லாம் பிக்கப்காரர் இருவர் சந்தித்தால் சுகம் கேட்பதற்கு முன் பம்பைத்தான் கேட்கிறார்கள்.

பரந்தனில் கோழித்தீன் கடை வைத்திருப்பவர் ஒருவர், டீசலோடு கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஒயில் கலந்தால் பம்ப் சாகாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற மற்றவர், ஒரு வீதி ஒப்பந்தகாரரின் சாரதி, அந்த ஒயில்தான் இன்ஜெக்டரில் கரி பிடிக்க வைக்கும், சுப்பர் டீசல் மட்டும் அடியுங்கோ, வேறொன்றும் வேண்டாம் என்றார். சுப்பர் டீசலுக்கும் சாதா டீசலுக்கும் ஒரே பவுசர் லொறிதான் வருகிறது என்று கோழித்தீன்காரர் திருப்பிக் கொடுத்தார். நான் இடையில் புகுந்து, சும்மா கேட்பது போல, மண்ணெண்ணெய் விடுவது எப்படி என்று கேட்டேன்.

“நல்லது. நானும் இடைக்கிடை விடுறனான்” என்றார் கோழித்தீன்காரர்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வண்டியில் ஏறியதும் கச்சானை உடைத்து யோகனுக்கும் கொடுத்து, பார்த்தாயா என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

7.30. மாங்குளம். வீதியின் ஒரு கரையில் சிறுபோக நெல்லைப் படங்கில் காயவிட்டிருந்தார்கள். யோகன் அதற்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினான். பெற்றோல் செட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பிக்கப். ஓட்டி வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. ஒட்டுசுட்டான் பக்கம் மரக்கறி ஏற்றுபவராம். அவா டாங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதேயில்லை. கிழமைக்கு ஒருதரம் பில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீர் வடிப்பவா. வடித்ததை ஒரு ஜாம் போத்தலில் வைத்திருந்து எங்களுக்குக் காட்டினா. அடியில் இரண்டு விரலளவு தண்ணீர் நின்றது. எங்கள் பில்டரை ஒருவரும் ஒருநாளும் வடித்ததில்லை.

இந்தமுறை யோகனே மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்டான்.

“அது நஞ்செல்லோ, தம்பி. ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“கனபேர் சொல்லினம்” என்றான் யோகன்.

கனபேர் என்றால் நான் ஒருவன்தான். கச்சான் பைக்கற்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அதற்கு மேல் உடைத்துத் தின்ன மனம் வரவில்லை.

8.30. புளியங்குளம் சந்தி. நெடுங்கேணிக்குத் திரும்பும் வழியருகே ஒரு தேநீர்க்கடை. பிளேன்ரீ ஐம்பது ரூபாய், இரண்டு ரோல்ஸ், நல்ல உறைப்பு. எங்கள் மேசையில் நெடுங்கேணிக்காரர் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வெளியே நின்ற எங்கள் வண்டியைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. அவரிடமும் இதே மாதிரி ஒன்று இருந்தது. ஒரு வருடமாக வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது, பம்ப் வெடித்துவிட்டது என்றார். நான் என் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். மண்ணெண்ணெய் விட்டாரா? இல்லை. தண்ணீர் வடிக்காமல் விட்டாரா? மாதம் தவறாமல் வடித்தாராம். சுப்பர் டீசல் மட்டும்தான் அடித்தாராம், பாதி டாங்குக்குக் கீழே இறங்கவே விடவில்லையாம், பில்டரைக் காலத்துக்கு முன்பே மாற்றினாராம். காட்டுக்கரையில் யானைக்குப் பயந்து வேகமாகக்கூட ஓட்டியதில்லையாம். இத்தனைக்கும் பிறகு ஒருநாள் கோயிலுக்குப் போகும் வழியில் வண்டி நின்றதுதான், திரும்பப் பற்றவேயில்லை.

அவருடைய அயல்வீட்டுக்காரர் எரிபொருள் வரிசைக் காலத்தில் பரலில் சேர்த்த பழைய டீசலைத் துணியால் வடித்து ஊற்றி ஓடினவராம். அந்த வண்டி இன்றைக்கும் மரம் ஏற்றுகிறதாம்.

சரியாகச் செய்தவரின் வண்டி கிடக்கிறது, பிழையாகச் செய்தவரின் வண்டி ஓடுகிறது. அப்படியானால் என் போத்தல் குற்றவாளியா இல்லையா? நெடுங்கேணிக்காரரைப் பார்த்து அனுதாபப்படுவதா, என் பங்குக்கு நிம்மதிப்படுவதா என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இரண்டும் சேர்ந்தே வந்தன.

9.20. வவுனியா. நகரத்துக்குச் சற்று வெளியே இருந்தது பாறூக் நானாவின் கராஜ். நானா டீசல் பம்ப் வேலையில் முப்பது வருடப் பழக்கமுள்ளவர், ஒல்லியான மனிதர், பேச்சும் குறைவு. எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, பில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம், அடியில் மண்டி கொஞ்சம். மோந்து பார்த்தார்.

“மண்ணெண்ணெய் ஊத்தினீங்களா?”

“ஓம் நானா” என்றான் யோகன். “என்ர யோசனைதான்.”

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. “இல்லை, நான்தான் சொன்னனான். அந்தக் காலத்தில நாங்கள் மண்ணெண்ணெயிலதானே ஓடினனாங்கள்” என்றேன்.

நானா சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. பழைய பம்புக்கு உள்ளே தனியாக ஒயில் இருந்தது, அதனால் எதை ஊற்றினாலும் தாங்கியது என்று விளக்கினார். இதற்கு டீசல்தான் எரிபொருள், அதே டீசல்தான் ஒயிலும். மண்ணெண்ணெய் அந்த வழுக்கலை எடுத்துவிடும், பம்ப் உலர்ந்துபோய்த் தேயும். இதை எனக்கு விளக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. முப்பது வருடமாக நான் வாகனங்களைப் பற்றி எத்தனை வீட்டு முற்றங்களில் எவ்வளவு கதைத்திருப்பேன் என்று நினைத்துக் கூசிப்போனேன்.

பிறகு ஒரு சிறிய காந்தத்தைக் கடதாசியில் சுற்றிக் கோப்பைக்குள் விட்டு எடுத்தார். கடதாசியில் மயிரிழை போலக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

“இது பம்ப் தேஞ்ச தூளா, டாங்க் துருவா எண்டு என்னால சொல்ல ஏலாது. துருவும் காந்தத்தில ஒட்டும்” என்றார்.

யோகன் என்ன செய்யலாம் என்று கேட்டான். இரண்டு வழி இருக்கிறது என்றார் நானா. இன்றைக்கே பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்பது ஒன்று. மூன்று கிழமை வண்டி நிற்கும், அதற்குள் ஒன்றும் பழுதில்லை என்றும் வரலாம். பில்டரை மாற்றி இப்படியே ஓடுவது மற்றது. பத்து வருடமும் ஓடலாம், நாளைக்கே உடைந்து எல்லாவற்றையும் கெடுக்கவும் கூடும். மூன்று கிழமை யோகன் ஒழுங்காகப் பால் எடுக்காவிட்டால் அந்த வீடுகள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அந்தப் பாலை எப்போது தன் பக்கம் எடுக்கலாம் என்று ஒருவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார். இது யோகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் கராஜ் வாசலில் பத்து நிமிடம் நின்றான். திரும்பி வந்து, இவ்வளவும் நடந்த பிறகும், என்னிடமே கேட்டான்.

“அத்தான், நீங்கள் சொல்லுங்கோ. கழட்டுறதோ, ஓடுறதோ?”

வாய் வழக்கம்போலத் திறந்தது. உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. கோழித்தீன்காரர், மாங்குளத்து அம்மா, நெடுங்கேணிக்காரர், நானா எல்லோரும் என் தலைக்குள் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

“எனக்குத் தெரியாது, யோகன்” என்றேன்.

அவன் பிக்கப்பின் திறப்பை எடுத்து நானாவிடம் கொடுத்தான்.

பிற்பகல் 1.15. கிளிநொச்சி போகும் பஸ்ஸில் கடைசி ஆசனத்துக்கு முன் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஓமந்தை தாண்டும்வரை யோகன் போனில்தான் இருந்தான். லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் அதை இழுவைப் பெட்டியோடு மூன்று கிழமைக்குக் கேட்டான். அது மெதுவாகத்தான் போகும், ஆகவே இரவு இரண்டரைக்கே வெளிக்கிட வேண்டும். தூரத்து வீடுகள் பன்னிரண்டைக் கைவிட வேண்டி வரும் என்று மனைவி சுபாவிடம் சொன்னான். சரி, வாங்கோ, சாப்பாடு வைத்திருக்கிறேன் என்று சுபா சொன்னது எனக்கும் கேட்டது.

பம்பில் ஒன்றுமில்லை என்று கொழும்பிலிருந்து வந்தால் அந்தப் பன்னிரண்டு வீடும் வீணாகப் போனதாக இருக்கும். உடைகிற நிலையில் இருந்தது என்று வந்தால் அது என் போத்தலால் வந்ததாக இருக்கும். எது வர வேண்டும் என்று நான் விரும்புவது? கனகராயன்குளம்வரை யோசித்தும் எனக்கே விளங்கவில்லை. கடைசியில் கேட்டுவிட்டேன், ஏன் கழட்டக் கொடுத்தாய் என்று.

யோகன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“நீங்கள் ஓடு எண்டிருந்தால் ஓடியிருப்பன், அத்தான். கழட்டு எண்டிருந்தால் ஒருவேளை யோசிச்சிருப்பன். ஆனா நீங்கள் தெரியாது எண்டு சொன்னதை நான் இண்டைக்குத்தான் கேட்டனான். அதோட பயந்திட்டன்.”