கழுத்துச் சாவி

கஹவத்தையில் வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷன் பாதையில் ஏறும்போதே அவித்த மரவள்ளிக் கிழங்கு வாசம் வந்துவிடும். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே போனால் பிள்ளைகள் மாலையில் படிக்கிற கொட்டகை. என் மகள் டிலானி அங்கேதான் இருப்பாள். மகளைக் கூட்டிவரப் போகிற தாயின் மனதில் பாசம்தான் இருக்க வேண்டும். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பொறாமைதான் இருக்கும்.

பெற்ற பிள்ளைமேலா என்று கேட்காதீர்கள். நேற்று கிழங்கும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். முந்தாநாள் தேங்காய்ப்பூ தூவிய கடலை. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு முறை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, வீட்டுப்பாடம் செய்யவைத்து, அப்புறம் கரம் போர்டு, பாட்டு என்று ஒரே கொண்டாட்டம். நான் வேலைக்கு நிற்கிற துணிக்கடையின் முதலாளி, முஸ்லிம் நானாகூட, பாய்களும் கதைப் புத்தகங்களும் கொடுத்தனுப்புவார். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சிங்கள அக்கா வந்து சிங்களம் பழக்குகிறாள். நான் கடையில் துணி மடித்து மடித்துக் கற்ற சிங்களத்தை, டிலானி பாட்டுப் பாடியே கற்றுவிட்டாள். இப்போது என் உச்சரிப்பை அவள் திருத்துகிறாள்!

இத்தனையும் அந்தப் பழைய அத்திவாரத்தின் மேல் நடக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்திவாரத்தின் கதை இது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மேல் டிவிஷன்காரர்கள் ஒரு நாள் கோயில் மண்டபத்தில் பாயை விரித்து, பிள்ளைகளை உட்காரவைத்து, மாலை வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் மண்டபத்தில் வைத்தால் நாம் கட்டடத்திலேயே வைப்போம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாமல் சிரமதானம் செய்து, கல் சுமந்து, அத்திவாரம் போட்டு, தேங்காயும் உடைத்தார்கள். கூரைத் தகரத்துக்குத் தோட்டத்தை நடத்துகிற தொரையைக் கேட்கலாம் என்றார் சங்கத் தலைவர். தொரை மாறிப் போனார். புதுத் தொரையைக் கேட்கலாம் என்றார்கள். பிறகு எலெக்‌ஷன் வரட்டும் என்றார்கள். வகுப்பைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் ஒரே பதில்தான்.

"மொதல்ல கட்டடம் வரட்டும், அப்பறம் பாப்போம்."

அத்திவாரத்தில் துணி காய்ந்தது. வெயில் நாளில் ஆட்டுக்குட்டிகள் படுத்தன. சாயங்காலம் நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், கழுத்தில் வீட்டுச் சாவியோடு. அப்பா கொழும்பில் கடை வேலை. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வருவதற்குள் நான் கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் சுடவைக்க வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பிள்ளைகள் கழுத்தில் இப்படிச் சாவிக் கயிறு தொங்கும். வேர்வையும் துருவும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்கள், இன்றைக்கும் பழைய இரும்பைத் தொட்டால் எனக்கு அந்த அத்திவாரம்தான் ஞாபகம் வருகிறது.

அங்கிருந்து பார்த்தால் மேலே கோயில் மண்டபத்தில் லைட் எரிவது தெரியும். பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து வாய்ப்பாடு சொல்வது கேட்கும். அதில் வசந்தியின் குரலை நான் தனியாகப் பிரித்தெடுத்துவிடுவேன். வசந்தி மேல் டிவிஷன்காரி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருப்பவள். மறுநாள் காலையில் எல்லாக் கணக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதுகூடப் பரவாயில்லை, முந்தின நாள் என்ன சாப்பிட்டார்கள் என்றும் சொல்வாள்.

"இன்னிக்கு எங்க வீட்டு மொறை. நீயும் வாடி" என்று ஒரு நாள் கூப்பிட்டாள்.

போனேன். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வசந்தியின் அம்மா எனக்குத்தான் முதலில் தட்டைக் கொடுத்தார். சுடச்சுடக் கிழங்கு. பக்கத்திலிருந்த பெரிய பிள்ளை எனக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை தெரியுமல்லவா, பிடித்தால் விடாது. கணக்கு விளங்கிய சந்தோஷத்தில் நான் சாவியை மறந்துபோனேன்.

இறங்கி ஓடி வந்தபோது அம்மா பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாவிய மாட்டிக்கிட்டு எங்கடி போன?"

"மேல... படிக்கிற எடத்துக்கு."

அம்மா அடிக்கவில்லை. "நம்ம பக்கம் கட்டடம் வரட்டும், அப்பறம் போ" என்றார், எல்லாரையும் போல. அம்மாமேல் எனக்கு இரக்கம் வந்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. வசந்தியின் கழுத்தில் வெறும் பாசிமணி மட்டும் இருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் மேலே போகவில்லை. பின்னக் கணக்கும் அந்த ஒரு நாளோடு நின்றது.

மேல் டிவிஷனில் இப்போது அந்த வகுப்பு இல்லை. பாதிக் குடும்பங்கள் கொழும்புக்குப் போய்விட்டன. வசந்தி மட்டும் எங்கள் லயத்துக்கே வாக்கப்பட்டு வந்தாள். வந்த சில நாளில் அத்திவாரத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டாள்:

"ஒங்க வீடுகள்ல பாய் இல்லையா?"

அவ்வளவுதான். நாலு மரக்கால், பழைய தகரம், வீட்டுக்கொரு முறை. தொரையும் தேவைப்படவில்லை, எலெக்‌ஷனும் தேவைப்படவில்லை. இன்றைக்கு அவள் வசந்தி டீச்சர். என் மகள் வீட்டில் வாயைத் திறந்தால் "டீச்சர் சொன்னாங்க"தான். அந்த நாள் வசந்திமேல் பட்ட பொறாமை ஆறுவதற்குள், இந்த நாள் வசந்திமேலும் பட வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் நல்ல மழை. பஸ் பிந்தி, நனைந்து, வீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி கொட்டகை வாசலில் போய் நின்றேன்.

"டிலானி, வா போவோம்."

"இரும்மா, இன்னும் முடியல." தலையைத் தூக்கவேயில்லை.

"நனையாம உள்ள வந்து உக்காருடி. கெழங்கு இருக்கு" என்றாள் வசந்தி.

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல், பழைய பழக்கத்தில் கை தானாகக் கழுத்துப் பக்கம் போனது. டிலானி பார்த்துவிட்டாள்.

"சாவிய எதுக்கும்மா கழுத்துக்கிட்ட கொண்டு போற?"

சுற்றிப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் கழுத்திலும் கயிறு இல்லை. அது எதற்கென்றே தெரியாத என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சம்பலைத் தொட்டுச் சாப்பிடுகிறாள். எனக்குப் பொறாமைதான், வேறென்ன.

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.