மிளகாய் விதைக் கேள்வி

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்த அந்த ஓட்டலுக்குப் போய் இறங்கியபோது எனக்குத் தலைக்கனம் இருந்தது. மறைப்பானேன். மரபணு திருத்திய பயிர்களை இந்த நாட்டில் எந்தச் சட்டத்தின் கீழ் வைப்பது என்று கருத்துக் கேட்கும் கூட்டம் அது. பேச்செல்லாம் ஆங்கிலம். டெங்கில் பக்கம் குத்தகை நிலத்தில் மிளகாய் போடும் ஓர் அக்காவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

மேடையிலிருந்த நிபுணர் நன்றாகவே விளக்கினார். வேறு உயிரின் மரபணுவைக் கொண்டுவந்து செருகுவதில்லை. செடியின் சொந்த மரபணுவிலேயே ஓரிடத்தை வெட்டித் திருத்துகிறார்கள். அப்படி வந்த மிளகாயை இலைச்சுருட்டல் நோய் அண்டாதாம். சில நாடுகள் இதைச் சாதாரண விதையாகவே பார்க்கின்றன, சில நாடுகள் பழைய மரபணு மாற்றச் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன என்றார். நான் அக்காவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அக்காவுக்கு இரண்டு போகம் சுருட்டலில் போயிருந்தது. இன்னொன்றும் போனால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினார். சந்தையில் பேசும் பாசார் மலாயில் தானே கேட்பதாகச் சொன்னார். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அந்தக் கொச்சை மலாயிலா பேசுவது என்று எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"நீங்க எங்கிட்ட சொல்லுங்கக்கா, நான் கேக்கிறேன்."

"அந்த மிளகாய் காய்ச்சா, அதுலேருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்கு நானே போடலாமான்னு கேளுமா. நான் எப்பவும் அப்படித்தான் போடுறேன்."

சட்டத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இதென்ன தோட்டக் கேள்வி என்று நினைத்தேன். ஒலிவாங்கியை வாங்கி, இந்த மிளகாயைச் சாப்பிடுவது பாதுகாப்பானதா என்று அழகான ஆங்கிலத்தில் கேட்டேன். நிபுணர் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"நான் அதைக் கேக்கலையேமா."

"இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்றாங்கக்கா."

கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து கோட்டுப் போட்ட ஒரு பேராசிரியர் எழுந்தார். விளைச்சலிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்க விவசாயிக்கு உரிமை உண்டா, அந்த விதை யாருடையது என்று கேட்டார். நிபுணர் மிக முக்கியமான கேள்வி என்று குறித்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. எனக்கு முகம் எரிந்தது.

"என்னமா கேட்டாரு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"சட்டத்தைப் பத்தி ஏதோக்கா."

அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.

கூட்டம் முடிந்து வாசலில் அவருடைய லோரிக்காகக் காத்திருந்தோம். பழைய விதையையே இன்னொரு தடவை போட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வேறு வழி தெரியவில்லையாம்.

"இவ்ளோ படிச்சவங்க வந்திருந்தாங்க. ஒருத்தராச்சும் விதையைப் பத்திக் கேட்டிருக்கலாம்லா," என்றார்.

"ஆமாக்கா," என்றேன்.