பிரஷ் படாத இரண்டு வாரம்

நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவமனையில், ஈறு ஒட்டு அறுவைக்காக நானும் அந்த அம்மாவும் ஒரே நாளில் காத்திருந்தோம். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து ஊர் ஊராக விற்பவர். ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் ஜெபமாலை. பேசும்போதெல்லாம் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வார்.

"உங்களுக்குப் பல்லுல ஒரு சொத்தை கிடையாது. அழுத்தித் தேச்சுத் தேச்சே ஈறு இறங்கிட்டு" என்றார் டாக்டர் அந்த அம்மாவிடம்.

"காலையில உமிக்கரி. யாவாரம் முடிஞ்சா உப்பு. பஸ் ஏறதுக்கு முன்ன பிரஷ்."

மேலண்ணத்திலிருந்து சிறு துண்டு எடுத்து, வேர் தெரிந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். கத்திக்குக் கலங்காதவர், இரண்டு வாரம் அங்கே பிரஷ் படக்கூடாது என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னபோது கலங்கிவிட்டார்.

"அப்போ நான் பஸ்ஸுல எப்படி டாக்டரே போவேன்?"

"தாராளமா போலாம். குலுங்கினா ஒண்ணும் ஆகாது."

டாக்டருக்கு விளங்கவில்லை.

தையல் பிரிக்க வந்த அன்று மறுபடி பார்த்தேன். ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது. "எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரமும் நின்னுட்டே போனேன் சாரே. இருக்கணும்னா, கொஞ்சம் நீங்கி இரிங்கன்னு வாயத் திறக்கணும்லா. திறந்தா வாடைன்னு மூஞ்சத் திருப்புவாவ."

அது மீன் கூடையின் வாடை, உங்கள் வாயில் ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கடற்கரைப் பேருந்தில் தினமும் போகிறவன் நான். மீன்காரப் பெண்கள் ஏறும் நிறுத்தம் வந்ததும், மடியிலிருக்கும் பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துவிடுவேன்.