நாற்பத்தேழாம் எண் வில்லை

கிள்ளான் துறைமுகத்தில், வெள்ளைக்காரக் கடற்படை கட்டிவிட்டுப் போன சாமான் கிடங்கில் இக்னேஷியஸ் இருபத்தாறு வருஷம் உழைத்தார். அங்கே ஒரு முறை உண்டு. உள்ளே போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்டவேண்டும். வெளியேறும்போது எடுத்துவிட வேண்டும். பலகை காலியானால்தான் காவலாளி கதவைப் பூட்டுவான். ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், ஒருவன் வில்லையை இன்னொருவன் எடுத்துப் போவதும் நடக்கும்.

"என்னா தொரே, உன்னுதையும் நானே சுமக்கணுமா?" என்று கூட்டாளி பக்கிரிசாமி தினமும் கிண்டலடிப்பார்.

1993இல் ஒரு சனிக்கிழமை. பக்கிரிசாமி முன்னாலேயே போய்விட்டார் என்று நினைத்து, அவருடைய நாற்பத்தேழாம் எண் வில்லையையும் எடுத்துக்கொண்டு இக்னேஷியஸ் ஓடினார். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது, சரிந்த நங்கூரச் சங்கிலிக்கு அடியில் பக்கிரிசாமி பிணமாகக் கிடந்தார். பலகையில் வில்லை இல்லை. ஆகவே வேலை முடிந்து வெளியேறிவிட்டுத் திருட மறுபடி நுழைந்தவன் என்று எழுதி விசாரணையை முடித்தது, கிடங்கைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனி. வேலை போய்விடுமென்று இக்னேஷியஸ் வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் அந்தக் கிடங்கைக் கடல்சார் பாரம்பரியக் கூடமாக்கினார்கள். பழம்பொருள் கேட்டு வீட்டுக்கு வந்த கூடத்து அதிகாரி ஆட்ரியிடம் இக்னேஷியஸ் அந்த வில்லையைக் கொடுத்து, நடந்ததை முதன்முறையாகச் சொன்னார். "அவன் திருடன் இல்லன்னு எழுதிப் போடும்மா, போதும்."

திறப்பு விழாவுக்குப் பக்கிரிசாமியின் மனைவி இராஜம்மாவைத் தன் காரிலேயே அழைத்துப் போனார். தன்னால் சொல்ல முடியாததைச் சுவர் சொல்லிவிடும் என்று நம்பினார். வில்லை ஒரு காட்சிப் பெட்டிக்குள் இருந்தது; அதன் மேலே சுவரில் ஒரு குறிப்பு.

"மூக்குக் கண்ணாடி கொண்டாரல, அண்ணே. என்னா எழுதியிருக்கு?"

இக்னேஷியஸ் வாசித்தார். "இந்த ஏற்பாட்டால்... ஒரு தொழிலாளிகூட... உள்ளே விடுபட்டதில்லை."

அவர் திரும்பிப் பார்த்ததும் ஆட்ரி அருகே வந்து கிசுகிசுத்தாள். "வி.ஐ.பி. வர்ற நேரத்துல சாவுக் கதை வேணாம்னு மேல சொல்லிட்டாங்க லா, அங்கிள்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு மட்டும் எப்படி உள்ள இருந்தாரு?" என்றார் இராஜம்மா.

"வில்லைய நான்தான் எடுத்தேன், தங்கச்சி. தெரியாம எடுத்துட்டேன்."

இராஜம்மா பெட்டிக்குள் பளபளத்த வில்லையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அவரு வீடு திரும்பலன்னு அன்னைக்கு ராத்திரி இதே வாசல்ல நின்னு கத்துனேன். காலிப் பலகையைக் காட்டித்தான் காவக்காரன் என்னை அனுப்புனான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "திருடன் பொண்டாட்டின்னு சொன்னவங்கல்லாம் செத்துட்டாங்க. இனிமே யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க?"

இக்னேஷியஸ் கார்க் கதவைத் திறந்துவைத்தார். இராஜம்மா அதைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.